காற்றில்லாத் தொட்டிக்குள் ஆன்டிபயாடிக் புகுந்தால்: கண்டறிவது, மீட்பது, கசடைக் கையாள்வது – முழுமையான வழிகாட்டி

ஒரு மாட்டுப்பண்ணையில் சாண எரிவாயு அடுப்பின் தீ ஒரே வாரத்தில் பாதியாக இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பண்ணைக்காரர் குழாயைச் சோதித்தார், வால்வைக் கழற்றி மாட்டினார், மழைக்குளிர்தான் காரணம் என்றார். பேசிக்கொண்டே இருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நான்கு மாடுகளுக்கு மடிநோய். காம்பு வழியாக ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றிய நாட்களில் கறந்த பாலைச் சொசைட்டியில் ஊற்ற முடியாது. வீணாகப் போகிறதே என்று அந்தப் பாலையும் அதே மாடுகளின் சாணத்தையும் கலக்கல் தொட்டியில் கொட்டியிருக்கிறார்.

நகரத்துக் கழிவுநீர் நிலையத்திலும் மருந்தாலைக் கழிவுநீரிலும் கோழிப்பண்ணை எரிவாயு ஆலையிலும் நடப்பது இதுதான். எல்லாமே காற்றுப் புகாமல் கழிவைச் செரித்து எரிவாயு தரும் தொட்டிகள், அளவுதான் வேறு. இந்த வழிகாட்டி, தொட்டியைக் கையால் நடத்துகிறவர்களுக்கும் அவர்களுக்கு ஆலோசனை சொல்கிற பொறியாளர்களுக்கும் எழுதப்பட்டது. முழுக்க இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன். தொட்டி வேலை செய்கிறதா என்பது ஒன்று. அதிலிருந்து வெளியே போகும் கசடு என்னத்தைச் சுமந்து போகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்ததும் இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

படி 1: தொட்டிக்குள் யார் இருக்கிறார்கள்?

உள்ளே நடப்பது நாலு கை மாறும் வேலை. முதல் கூட்டம் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை உடைத்துக் கரைக்கிறது. இரண்டாவது கூட்டம் கரைந்ததைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அவற்றில் புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை எடுத்து அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. நான்காவது கூட்டம் அந்த இரண்டையும் தின்று மீத்தேனை விடுகிறது.

முதல் மூன்றும் பாக்டீரியா. நான்காவது, ஆர்க்கியா என்னும் வேறு குலம். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் கொல்கின்றன. ஆர்க்கியாவிடம் அந்தச் சுவர்ப்பொருளே கிடையாது. ஆய்வகத்தில் மீத்தேன் நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுக்க விரும்புகிறவர்கள், கூட இருக்கும் பாக்டீரியாவை ஒழிக்க வான்கோமைசினையும் பென்சிலினையும் வேண்டுமென்றே ஊற்றுவார்கள். மீத்தேன் கூட்டம் அதில் பிழைத்துக்கொள்ளும்.

அப்படியிருந்தும் பண்ணையில் தீ ஏன் குறைந்தது? மூன்றாவது கூட்டமும் நான்காவதும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். ஹைட்ரஜன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால்தான் புரோப்பியானிக் அமிலம் உடையும். ஹைட்ரஜனைத் தின்று அந்த அளவுக்கு வைத்திருப்பது நான்காவது கூட்டம். அதற்குத் தீனி கொடுப்பது மூன்றாவது. ஒன்று படுத்தால் மற்றதும் நிற்கும். அதனால் ஆன்டிபயாடிக் பாதிப்பின் முதல் தடயம் பல நேரம் புரோப்பியானிக் அமிலத் தேக்கமாகவே வரும்.

இன்னொரு சிக்கல் வேகம். அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அசிட்டிக் அமிலத்தைத் தின்னும் மெத்தனோத்ரிக்ஸ் என்னும் மீத்தேன் நுண்ணுயிர் இரட்டிப்பாக நாட்கள் ஆகும். அடி வாங்கிய தொட்டியில் அமிலக்காரர்கள் முதலில் எழுந்துவிடுவார்கள், அமிலம் தின்பவர்கள் பின்னால் எழுவார்கள். அந்த இடைவெளியில்தான் தொட்டி புளித்துப் போகிறது.

படி 2: உள்ளே வருவதைப் பட்டியல் போடுங்கள்

யார் எதை அனுப்புகிறார்கள் என்று வாசலிலிருந்தே எழுதுங்கள். மருத்துவமனை, கோழிப்பண்ணை, தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, கழிவுநீர் லாரி என எதையும் விடாதீர்கள். பட்டியல் இல்லாமல் செய்யும் பரிசோதனை இருட்டில் கை துழாவுவதுதான்.

ஆன்டிபயாடிக்கைப் பொறுத்தவரை அளவு என்ன என்பதுதான் எல்லாம். சாதாரண வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு நானோகிராமிலும் மைக்ரோகிராமிலும் இருக்கும். மீத்தேன் உற்பத்தியைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைக்கப் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வேண்டும். ஆகவே நகராட்சி நிலையத்தில் எரிவாயு குறைந்தால், முதல் சந்தேகம் ஆன்டிபயாடிக் மேல் போகக் கூடாது. மருந்தாலைக் கழிவுநீரோ மருந்து போட்ட கால்நடைகளின் சாணமோ வருகிறது என்றால் கதை மாறும்.

ஐதராபாத் அருகே பட்டன்சேரு இதற்குக் கண்கண்ட சாட்சி. சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவுநீரைச் சுத்திகரித்த பொது நிலையத்தின் வெளியேறும் நீரை ஸ்வீடனின் யோவாகிம் லார்சன் குழு சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டது. அதில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் உச்ச அளவைவிட இது அதிகம். இத்தனைக்கும் அது சுத்திகரித்த பிறகு வந்த தண்ணீர். பின்னர் அந்தக் கழிவுநீர் சுமார் 18 கிலோமீட்டர் குழாய் வழியாக நகரத்தின் முதன்மைச் சாக்கடையில் சேர்க்கப்பட்டு, நாளுக்கு 339 மில்லியன் லிட்டர் கொள்ளும் அம்பர்பேட்டை நிலையத்துக்குப் போனது. அந்த நிலையமே காற்றில்லாக் கசடுப் படுகை முறையில் கட்டப்பட்டது. வீட்டுக் கழிவுநீரோடு கலந்ததும் லிட்டருக்கான அளவு இறங்கும். மொத்த மருந்து ஒரு கிராம்கூடக் குறையாது. நீர்த்துப்போகச் செய்வதைச் சுத்திகரிப்பு என்று கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற மாசுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான தொட்டிகளை உண்மையில் படுக்கவைப்பவை இவைதான்.

சல்ஃபேட்: குரோமியம் கொண்டு தோல் பதனிடுவதில் இருந்தும் பல ரசாயன ஆலைகளில் இருந்தும் வருகிறது. சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா, மீத்தேன் கூட்டத்தின் தீனியைப் பறித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். ஒரு கிராம் சல்ஃபேட்டுக்கு 0.67 கிராம் சி.ஓ.டி. (ஆக்சிஜன் கணக்கில் அளக்கும் கரிமத் தீனி) பறிபோகும். கான்பூர் ஜாஜ்மாவில் 1994 முதல் ஓடிய, நாளுக்கு 36 மில்லியன் லிட்டர் கொள்ளும் காற்றில்லா நிலையம், 9 பங்கு தோல் ஆலைக் கழிவுநீரையும் 27 பங்கு நகரக் கழிவுநீரையும் கலந்து எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டதற்கு இத்தகைய நஞ்சுகள்தான் காரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அம்மோனியா: கோழி எச்சத்தில் மிகுதி. மொத்த அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து என்பது 1964-லேயே அமெரிக்கப் பொறியாளர் மெக்கார்ட்டி எழுதிய அளவுகோல். உண்மையில் கொல்வது அதில் வாயுவாக இருக்கும் பகுதி. 35 டிகிரியில் பி.எச். (அமில-கார அளவு) 7 என்றால் அது 1 சதவீதம், பி.எச். 8 என்றால் 10 சதவீதம். சல்ஃபைடுக்கு இது தலைகீழ்: பி.எச். இறங்க இறங்க நஞ்சு ஏறும். பி.எச்.-ஐ ஏற்றக் காரப் பொடியைக் கொட்டும் முன் எந்த நஞ்சு என்று தெரிந்திருக்க வேண்டியது இதனால்தான்.

உப்பு: சோடியம் லிட்டருக்கு 3,500 முதல் 5,500 மில்லிகிராம் வரை தொட்டி திணறும், 8,000-ஐத் தாண்டினால் படுத்துவிடும். செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்ற உலோகங்கள் கரைந்த நிலையில்தான் கொல்லும். சல்ஃபைடு அவற்றைப் பிடித்துப் படிவாக்கிவிடும், ஒரு நஞ்சு இன்னொன்றுக்குக் கடிவாளம். குளோரோஃபார்ம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே மீத்தேன் கூட்டத்தை நேராக அடிக்கும். மருத்துவமனையும் பால் பதனிடும் ஆலையும் தரை கழுவப் பயன்படுத்தும் பென்சால்கோனியம் குளோரைடு வகைக் கிருமிநாசினிகள், பல இடங்களில் ஆன்டிபயாடிக்கைவிட முதன்மைக் குற்றவாளிகள். கழுவும் நேரத்தைக் கேட்டு எழுதிவையுங்கள்.

படி 3: ஆரோக்கியமான நாளின் கணக்கை வைத்திருங்கள்

நோய் வந்த நாளில் முதல்முறையாக அளப்பவருக்கு எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாது. தினமும் வெப்பநிலை, பி.எச்., எரிவாயு அளவு. வாரம் இரண்டு முறையாவது அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) உள்ள விகிதம். நீக்கப்பட்ட ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் 0.35 கன மீட்டர் மீத்தேன் வர வேண்டும் என்ற கணக்கோடு எரிவாயுவை ஒப்பிடுங்கள்.

விகிதத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு பியூரெட் (அளவுக்குறி போட்ட கண்ணாடிக் குழாய்), ஒரு பி.எச். மீட்டர், 0.1 நார்மல் கந்தக அமிலம் போதும். கசடை வடிகட்டி, தெளிந்த நீரில் 20 மி.லி. எடுங்கள். மெதுவாகக் கலக்கியபடி அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 5.0-க்குக் கொண்டுவாருங்கள்; செலவான மி.லி.யை 'அ' என்று குறியுங்கள். தொடர்ந்து 4.4-க்குக் கொண்டுவர மேலும் செலவானது 'ஆ'. காரத்தன்மை = அ × 250. அமிலம் = (ஆ × 1.66 − 0.15) × 500. முதலாவதை இரண்டாவதற்குக் கீழே போட்டு வகுத்தால் விகிதம்.

ஒரு எடுத்துக்காட்டு: அ = 14.0, ஆ = 1.2 என்றால் காரத்தன்மை 3,500, அமிலம் 921, விகிதம் 0.26. நல்ல தொட்டி. அதே தொட்டியில் அடுத்த வாரம் ஆ 2.4 ஆனால் அமிலம் 1,917, விகிதம் 0.55. பி.எச். மீட்டர் அப்போதும் 7.1 காட்டிக்கொண்டிருக்கலாம். காரத்தன்மை தாங்கிக்கொண்டிருக்கும் வரை பி.எச். அசையாது, அது அசையும்போது ஏற்கெனவே தாமதம். செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 5.0-ஐ நெருங்கும்போது கார்பன் டைஆக்சைடு குமிழ்களாகப் பிரியும், மீட்டர் எண் மேலும் கீழும் ஆடும். அங்கே நின்று காத்திருந்தால் எண் மேலே ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், ஒரே ஆள் செய்வது நல்லது. பொதுவாக 0.3 முதல் 0.4 வரை பாதுகாப்பு என்பார்கள். உங்கள் தொட்டியின் வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதையே நான் அதிகம் நம்புவேன்.

மாதிரி எடுக்கக் குழாயைப் பயன்படுத்துங்கள். மூடியைத் திறந்து தலையை நீட்டுவதோ உள்ளே இறங்குவதோ எந்தச் சூழலிலும் கூடாது. சல்ஃபைடு வாயு அதிக அளவில் மூக்கின் வாசனை உணர்வையே முதலில் கொன்றுவிடும்.

படி 4: நஞ்சா, அதிகச் சுமையா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. அதிகத் தீனி போட்டால் எரிவாயு முதலில் கூடும், பிறகு அமிலம் ஏறும், பிறகுதான் எரிவாயு விழும். நஞ்சு வந்தால் தீனி அதேபோல இருக்கும்போதே எரிவாயு விழும், அமிலம் ஏறும். எரிவாயு விழுந்து, அமிலமும் ஏறவில்லை என்றால் அடி வாங்கியது முதல் இரண்டு கூட்டங்கள். அல்லது தீனியே நீர்த்துப்போயிருக்கிறது. அமில வகைகளைத் தனித்தனியாக அளக்க வசதி இருந்தால் புரோப்பியானிக் அமிலத்தைத் தேடுங்கள்.

பண்ணையில் நடந்தது இரண்டும் சேர்ந்தது என்பது என் கணிப்பு. பாலின் சர்க்கரையும் கொழுப்பும் தனிச் சுமை, மருந்து தனி நஞ்சு. இப்படிக் கலந்து வரும்போது அடுத்த படி இல்லாமல் முடிவுக்கு வர முடியாது.

படி 5: பாட்டில் சோதனை

ரப்பர் மூடியுள்ள 500 மி.லி. கண்ணாடிப் பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான கசடை 37 டிகிரியில் மூன்று நான்கு நாள் தீனியில்லாமல் பசிக்க விடுங்கள். பிறகு எல்லாப் பாட்டிலிலும் சம அளவு கசடு. முதல் வகையில் கசடும் தண்ணீரும் மட்டும். இரண்டாவதில் சோடியம் அசிட்டேட், லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். மூன்றாவதில் அசிட்டேட்டுக்குப் பதில் மாவுச்சத்து. நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதே அசிட்டேட், அதே மாவுச்சத்து; கூடவே சந்தேகப்படும் கழிவுநீர், மூன்று வெவ்வேறு அளவுகளில். சந்தேகக் கழிவுநீர் மட்டும் சேர்த்த பாட்டிலும் வேண்டும், ஏனென்றால் அதிலேயே தீனி இருக்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில். பி.எச். எல்லாவற்றிலும் 7-க்கும் 7.5-க்கும் இடையில். நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

வரும் எரிவாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசல் வழியாக விட்டால் கார்பன் டைஆக்சைடு அதில் தங்கிவிடும். மிஞ்சுவது ஏறக்குறைய மீத்தேன். அது தள்ளும் நீரை அளவு ஜாடியில் பிடித்து நாள்தோறும் எழுதுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வரைபடம் போட்டதும் கதை தெரியும். அசிட்டேட் பாட்டில் நன்றாகவும் மாவுச்சத்துப் பாட்டில் மந்தமாகவும் இருந்தால் அடி பாக்டீரியாவுக்கு. பென்சிலின் வகை மருந்துகளின் கைரேகை அது. அசிட்டேட் பாட்டிலே நின்றுபோனால் குளோரோஃபார்ம், சல்ஃபைடு, அம்மோனியா, கிருமிநாசினி என்று தேடுங்கள். சில நாள் தூங்கிவிட்டுப் பிறகு எழுந்து மற்றவற்றை எட்டிப்பிடித்தால், தொட்டி பழகிக்கொள்கிறது என்று பொருள். இந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலையைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 6: மீட்பு

வரிசை மாறக் கூடாது. முதலில் தீனியை நிறுத்துங்கள். பாதியாகக் குறைப்பது அல்ல, நிறுத்துவது. நஞ்சு வரும் குழாயை அடைத்துவிடுங்கள். வெப்பத்தையும் மெதுவான கலக்கலையும் விடாதீர்கள். பி.எச். 6.8-க்குக் கீழே போனால் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், கொஞ்சம் கொஞ்சமாக. சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டாம். அது கார்பன் டைஆக்சைடைக் குடித்துக் கால்சியம் கார்பனேட்டாகப் படியும், வாயுப் பகுதியில் அழுத்தம் குறைந்து கூரையே உள்வாங்கலாம். சல்ஃபைடு என்றால் இரும்புக் குளோரைடு அதைப் படிவாக்கும். கரைந்த கரிம நஞ்சு என்றால் தூளாக்கிய செயலூட்டிய கரி உதவும்.

நல்ல தொட்டியிலிருந்து கொண்டுவந்த கசடைவிடச் சிறந்த மருந்து இல்லை. கிடைக்கும் அளவு ஊற்றுங்கள். விகிதம் 0.4-க்குக் கீழே வந்த பிறகு வழக்கமான தீனியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு முறை கூட்டும் முன்பும் பியூரெட்டைத் தொடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டவர்கள்தான் மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்புகிறார்கள்.

படி 7: வாசலிலேயே தடுங்கள்

மருந்தாலையில் வினை முடிந்த செறிந்த கரைசலைக் கழுவும் தண்ணீரோடு கலக்காமல் தனியே பிடித்து எரித்தழிப்பது மற்ற எல்லாவற்றையும்விட மலிவு. பென்சிலின் வகை மருந்துகள் காரத்திலும் சூட்டிலும் உடையும், முன்சுத்திகரிப்பு எளிது. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம் அப்படி உடையாது. ஓசோன் போன்ற ஆக்சிஜனேற்ற முறைகள் தேவை. மருத்துவமனைகளில் சமன்படுத்தும் தொட்டி பெரிதாக இருந்தாலே கிருமிநாசினியின் திடீர் அலை அடங்கும். பண்ணையில் மருந்து போட்ட மாட்டைத் தனியே கட்டுங்கள்; அதன் சாணத்தை எரிவாயுக் கலனில் போடாமல், கிணற்றிலிருந்து தள்ளி, காற்றோட்டமான கம்போஸ்ட் குவியலில் போடுங்கள்.

சட்டம் இங்கே கைகொடுக்கும் என்று நினைத்திருந்தோம். மருந்தாலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக்குகளுக்கு உச்சவரம்பு வைத்த வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021-ல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் ஆலைகளின் கழிவுக்கென்றே வழிகாட்டு நெறிகளை 2024 செப்டம்பரில் கொண்டுவந்தது. எண்கள் அதில் இருக்கின்றன, எடுத்துப் பயன்படுத்தலாம்.

படி 8: கசடைத் தனியே விசாரியுங்கள்

எல்லா மருந்தும் ஒரே மாதிரி போவதில்லை. சல்ஃபாமெத்தாக்சசோலும் டிரைமெத்தோபிரிமும் காற்றில்லாத் தொட்டியில் நன்றாகவே சிதைகின்றன. டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் கசடில் ஒட்டிக்கொள்கின்றன. வெளியேறும் நீரை மட்டும் சோதித்தால் அவை நீங்கிவிட்டதாகத் தெரியும். உண்மையில் நீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறியிருக்கும். கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்து ஏறக்குறைய வந்தபடியே போய்விடும்.

தொட்டி பழகிக்கொண்டது என்று சொன்னேன் அல்லவா? பழக்கம் என்பது பல வகை: தாங்கக்கூடிய இனங்கள் பெருகலாம், மருந்தைச் சிதைக்கும் இனங்கள் வளரலாம். அதில் ஒரு பங்கு, ஆன்டிபயாடிக்கைத் தாங்கவைக்கும் எதிர்ப்பு மரபணு உள்ளவை பிழைத்துப் பெருகுவது. ஒரே தொட்டியில் நெருக்கியடித்து வாழும் பாக்டீரியாக்கள் அந்த மரபணுவை அக்கம்பக்கத்துக்கும் கைமாற்றும். செம்பு, துத்தநாகம், கிருமிநாசினி போன்றவையும் அதே எதிர்ப்பைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும். எரிவாயு மீட்டர் இதையெல்லாம் காட்டாது. அது நிமிர்ந்து நிற்கும் நாளில்தான் கசடில் எதிர்ப்பு நிறைந்திருக்கக்கூடும்.

என்ன செய்யலாம்? 55 டிகிரியில் நடத்தும் செரிமானம், 35 டிகிரியைவிடப் பல எதிர்ப்பு மரபணுக்களை அதிகம் குறைக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. கசடை முன்கூட்டியே 160 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அரை மணி வேகவைக்கும் முறை இன்னும் வலுவானது. ஆனால் அதன்பின் குளிர்ந்த செரிமானத் தொட்டியில் சில மரபணுக்கள் மீண்டும் தலைதூக்குகின்றன. அமெரிக்க விதி ஒன்று, 35 முதல் 55 டிகிரியில் 15 நாள் அல்லது 20 டிகிரியில் 60 நாள் என்று தங்கும் காலம் கேட்கிறது. அது நோய்க்கிருமிக்காக எழுதப்பட்டது, ஆன்டிபயாடிக்குக்காக அல்ல. எனினும் புதுக்கசடு குறுக்கே ஓடி வெளியேறிவிடாமல் முழுக் காலமும் தங்குகிறதா என்பதை நீங்கள் உறுதிசெய்யவே வேண்டும்.

அளப்பதற்கு மரபணுச் சோதனை வசதி இல்லையென்றால், பக்கத்துக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைக் கேளுங்கள். கசடை நீர்த்து, ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா வளரும் இரண்டு அகார்த் தட்டுகளில் பூசச் சொல்லுங்கள்: ஒன்று வெறும் தட்டு, மற்றதில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக். இரண்டாவதில் முளைத்த புள்ளிகளை முதலாவதன் புள்ளிகளால் வகுத்தால் எதிர்ப்பின் பங்கு. மாதம் ஒருமுறை, உள்ளே போகும் கசடுக்கும் வெளியே வரும் கசடுக்கும் எடுங்கள். எரிவாயு எழுதும் நோட்டில் அதற்கென்று ஒரு நெடுவரிசை போடுங்கள். வெளியே வருவதில் பங்கு கூடியிருந்தால் அந்த லாரி காய்கறி நிலத்துக்குப் போகக் கூடாது. உலர்த்தும் படுகையில் வெயிலில் காயட்டும், அல்லது கம்போஸ்ட் குவியலின் சூட்டைத் தாண்டட்டும்.

பண்ணைக்காரரின் அடுப்பு ஐந்தாவது வாரம் பழையபடி எரிந்தது. கலனின் வெளிவாய் அவர் வீட்டுக் கீரைப்பாத்தியை நோக்கித்தான் இருந்தது. அந்த ஐந்து வாரக் கரைசலை மண்வெட்டியால் வாய்க்கால் மாற்றி, தென்னைக்கு அடியில் குழி எடுத்து மூடினோம். இப்போது மருந்து போட்ட மாட்டின் கொம்பில் சிவப்புத் துணி கட்டுகிறார், சாணம் அள்ள வரும் பெண்ணுக்கு எது எந்தக் குவியலுக்கு என்று தெரிய.